ஆடாதோடைச் சாற்றில் ஆன்டிபைரின்: மெட்டபோலோமிக்ஸ் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிரியில் உள்ள சிறு மூலக்கூறுகளை (மெட்டபோலைட்டுகளை) ஒட்டுமொத்தமாகப் பட்டியலிடும் மெட்டபோலோமிக்ஸ் ஆய்வுக்காக, ஆடாதோடை இலையின் மெத்தனால் சாற்றை எல்சி-எம்எஸ் கருவியில், அதாவது கலவையைக் குழாயில் பிரித்து மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவியில், ஓட்டித் தரச் சொல்லி வெளியே ஒரு மையத்துக்கு அனுப்பினீர்கள். 412 பெயர்களுடன் ஓர் எக்செல் தாள் வந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு மதிப்பெண். பாதிக்கு மேல் 90-ஐத் தாண்டியவை. அதில் 189.1022 என்ற எடைக்குரிய வரிசையில் ஆன்டிபைரின், மதிப்பெண் 96. இலையில் இந்த மருந்து இருப்பதை நாங்கள்தான் முதலில் கண்டோமா, 412 பெயர்களையும் ஆய்வேட்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறொன்று: கருவியும் மென்பொருளும் சேர்ந்து ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்குப் பின்னால் எவ்வளவு சான்று நிற்கிறது? பன்னிரண்டு ஆண்டுகளாக இதே கருவியோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மூலத் தரவை நான் பார்க்கவில்லை. எக்செல் தாளை மட்டும் வைத்து எந்த அளவுக்குச் சொல்ல முடியுமோ அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்.

ஆன்டிபைரினில் இருந்தே தொடங்கலாம். அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1880-களில், ஜெர்மானிய வேதியியலாளர் லுட்விக் நோர் ஆய்வகத்தில் உருவாக்கிய காய்ச்சல் மருந்து. பெனசோன் என்ற பெயரும் அதற்கு உண்டு. அதன் மூலக்கூறு வாய்ப்பாடு, கார்பன் 11, ஹைட்ரஜன் 12, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. ஆடாதோடையின் பேர்போன அல்கலாய்டு வாசிசின். இருமல் மருந்துக் கடைகளில் விற்கும் புரோம்ஹெக்சினுக்கு மூதாதை அதுதான். வாசிசினின் வாய்ப்பாடு என்ன தெரியுமா? கார்பன் 11, ஹைட்ரஜன் 12, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. அணுக்கள் அதே எண்ணிக்கை, கட்டமைப்பு வேறு. ஆகவே ஒரு புரோட்டான் ஏறிய நிலையில் இரண்டும் ஒரே இடத்தில், 189.1022-இல், பீக் (வரைபடத்தில் எழும் முகடு) தரும். எத்தனை கோடி ரூபாய்க் கருவியாக இருந்தாலும் எடையை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் எடையில் வித்தியாசமே இல்லை.

இது உறுதியாகத் தெரிந்த விஷயம். எடைத் துல்லியம் கூடக் கூட அடையாளமும் துல்லியமாகும் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. கருவி விற்பவர்களின் விளம்பரத் தாள்களும் அதற்கு ஒரு காரணம். 2006-இல் கைண்ட், ஃபீன் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு, அதாவது 1 பிபிஎம்முக்கும் குறைவாக, எடையை அளந்தாலும் மூலக்கூறு வாய்ப்பாட்டைக்கூட ஒன்றே ஒன்று என்று முடிவு செய்ய முடியாது. கார்பன்-13 போன்ற ஐசோடோப்புகளால் வரும் பக்கத்து பீக்குகளின் உயர விகிதத்தைச் சேர்த்துப் பார்த்தால், 3 பிபிஎம் பிழையுள்ள கருவியே 0.1 பிபிஎம் கற்பனைக் கருவியை மிஞ்சிவிடும் என்றும் காட்டினார்கள். அப்படிக் கிடைப்பதும் வாய்ப்பாடு மட்டும்தான். ஒரே வாய்ப்பாட்டில் எத்தனை கட்டமைப்புகள் இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி.

இப்போது அந்த 96. பலரும் இதைப் பார்த்து ‘96 சதவீதம் சரி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்தப் பொருளும் அதற்குக் கிடையாது. மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, அது எடையும் ஐசோடோப்பு விகிதமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கான மதிப்பெண்ணாக இருக்கலாம். அல்லது துணுக்கு நிறமாலை, அதாவது மூலக்கூறைக் கருவிக்குள் உடைத்தால் வரும் துண்டுகளின் எடைப் படம், நூலகத்தில் உள்ள நிறமாலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கானதாக இருக்கலாம். முதல் வகை என்றால், ஆன்டிபைரினுக்குக் கிடைத்த அதே 96 வாசிசினுக்கும் அப்படியே கிடைக்கும். மென்பொருள் இரண்டில் ஒன்றை மேலே வைத்தது. உங்களுக்கு வந்தது மேலே இருந்த பெயர் மட்டும். இரண்டாம் வகையானாலும் எச்சரிக்கை வேண்டும். துணுக்கு நிறமாலையில் ஒன்றிரண்டு பீக்குகள்தான் இருக்கின்றன என்றால் அது பத்து பொருள்களோடு 95-க்கு மேல் பொருந்தும். இருபது துணுக்குகள் இருக்கும் நிறமாலையில் வரும் 80, இரண்டே துணுக்குகள் இருக்கும் நிறமாலையில் வரும் 98-ஐவிட எனக்குப் பெரியது.

மென்பொருளுக்கு நீங்கள் இலையைக் கொடுத்தீர்களா, ரத்தத்தைக் கொடுத்தீர்களா, ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்தீர்களா என்று தெரியாது. இத்தகைய மென்பொருள்கள் பெயர் தேடும் பப்கெம் என்ற வேதித் தரவுத்தளத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன: மருந்துகள், சாயங்கள், பூச்சிக்கொல்லிகள், யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை குடுவையில் செய்துபார்த்தவை எல்லாம். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவான மனித மெட்டபோலைட் தரவுத்தளம் 2007-இல் ஏறத்தாழ 2,180 பொருள்களோடு தொடங்கியது. 2022 பதிப்பில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதிலும் மருந்துகள் உண்டு. தேடும் இடம் பெரிதாக ஆக, தற்செயலாகப் பொருந்தும் பெயர்களும் பெருகும். ஆடாதோடை இலைக்குள் ஆன்டிபைரின் நுழைந்த வழி பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து ஆய்வுக்கூடங்களில் ஆன்டிபைரினை ஒப்பீட்டுப் பொருளாக நிறையப் பயன்படுத்துவார்கள். குடல் வழியே மருந்து எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று பார்க்கும் சோதனைகளில் அது வாடிக்கையான ஒன்று. உங்கள் சாம்பிளை ஓட்டிய அதே கருவியில் முந்தைய நாள் யாராவது அப்படி ஒரு வரிசையை ஓட்டியிருந்தால், ஊசியிலோ குழாயிலோ மிச்சம் ஒட்டியிருக்கலாம். அப்போது அங்கே ஆன்டிபைரின் நிஜமாகவே இருக்கும், ஆனால் உங்கள் இலையில் இருந்து வந்ததாக இருக்காது. இதைத் தீர்க்க ஒரே வழி, சாம்பிள் இல்லாமல் வெறும் கரைப்பானை ஓட்டிய பிளாங்க். பிளாங்க் ஓட்டினார்களா என்று அந்த மையத்திடம் முதலில் கேளுங்கள். ஓட்டவில்லை என்றால் பட்டியலில் பல வரிகள் ஆட்டம் காணும்.

அதே தாளில் 205.0972 என்ற வரிசையைத் தேடிப் பாருங்கள். அங்கே டிரிப்டோபேன் என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். டிரிப்டோபேன் எந்த இலையிலும் இருக்கும், ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் ஆடாதோடையில் வாசிசினால் என்று இன்னொரு அல்கலாய்டு உண்டு. வாசிசினோடு ஓர் ஆக்சிஜன் கூடினால் வாசிசினால். அதன் வாய்ப்பாடும் டிரிப்டோபேனின் வாய்ப்பாடும் ஒன்றே! இந்தச் செடியில் இரண்டுமே இருக்க வாய்ப்பு இருக்கிறது. பிரிக்கும் குழாயில் இருந்து இரண்டு வெவ்வேறு நேரங்களில் 205.0972 வெளியே வந்திருந்தால், மென்பொருள் இரண்டுக்குமே டிரிப்டோபேன் என்று பெயர் வைத்திருக்கக்கூடும், அல்லது சிறியதை விட்டிருக்கக்கூடும். இங்கே துணுக்குகள் உதவும். டிரிப்டோபேன் உடையும்போது முதலில் அம்மோனியாவை இழந்து 188.0706-க்கு வரும். வாசிசினாலில் எளிதில் கழன்று போவது தண்ணீர், அப்போது 187.0866. வாசிசினும் அப்படித்தான், தண்ணீரை இழந்து 171.0917 தரும். ஆன்டிபைரினில் பென்சீன் வளையம் தனியாகத் தொங்குகிறது; அதன் துணுக்குகளில் 77-உம் 56-உம் எடுப்பாகத் தெரியும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் நீங்கள் வாங்கிவைத்திருக்கும் தரவுக்குள்ளேயே இருக்கிறது, எக்செல் தாளில் இல்லை. மூலக் கோப்பைத் தரச் சொல்லி வாங்குங்கள்.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, சில வாரங்கள் தினமும் பாலக் கீரை சாப்பிட்டவர்களின் ரத்தப் பிளாஸ்மாவை ஓட்டினோம். 118.0863-இல் ஒரு பீக் நன்றாக உயர்ந்திருந்தது. மென்பொருள் ‘வாலைன்’ என்றது, நானும் வாலைன் என்று எழுதி, படம் வரைந்து, கூட்டத்தில் காட்டிவிட்டேன். எங்கள் லேபில் இருந்த மூத்தவர் ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, வாலைன் ஏறினா கூடவே லூசினும் ஐசோலூசினும் ஏறணுமே, ஏன் அசையாம நிக்குது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை துணுக்கு நிறமாலையைத் திறந்தேன். வாலைன் என்றால் 72.0808 பெரிதாக நிற்க வேண்டும். அது சின்னதாக ஓரத்தில் கிடந்தது. நடுவில் 58.0651-உம் 59.0730-உம் நின்றன. பீட்டைன்! கீரையில் ஏராளமாக இருக்கும் பொருள், வாலைனின் அதே வாய்ப்பாடு. நாங்கள் பயன்படுத்திய, நீர் விரும்பாத பொருள்களைப் பிடித்துவைக்கும் சி-18 குழாயில் இரண்டுமே தங்காமல் முதல் நிமிடத்தை ஒட்டிச் சேர்ந்தே ஓடிவந்திருந்தன. பிறகு நீர் விரும்பும் பொருள்களைப் பிடித்துவைக்கும் வேறு வகைக் குழாயில், இரண்டு ஸ்டாண்டர்டுகளையும் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். தனித்தனியே வந்தன. ஏறியது பீட்டைன், வாலைன் இருந்த இடத்திலேயே இருந்தது. என் பழைய முடிவு முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

இந்த அனுபவத்தில் கவனிக்க வேண்டியது ஸ்டாண்டர்டு. தூய பொருளை விலைக்கு வாங்கி, அதே கருவியில், அதே குழாயில், அதே நாளில் ஓட்டி, வெளிவரும் நேரமும் துணுக்குகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. 2007-இல் மெட்டபோலோமிக்ஸ் தரக் குழு வெளியிட்ட நான்கு படிநிலைகளில் முதல் படி இதுதான்: தூய பொருளோடு, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகளாவது, ஒரே ஆய்வகச் சூழலில் ஒத்துப்போக வேண்டும். நூலக நிறமாலையோடு மட்டும் பொருந்தினால் இரண்டாம் படி. இன்ன குடும்பத்துப் பொருள் என்று மட்டும் தெரிந்தால் மூன்றாம் படி. நான்காவது, பெயர் தெரியாதது. 2014-இல் சுற்றுச்சூழல் வேதியியலாளர்கள் இதையே ஐந்து படிகளாக விரித்தார்கள். அதில் வாய்ப்பாடு மட்டும் தெரிந்தால் நான்கு, எடை மட்டும் தெரிந்தால் ஐந்து. உங்கள் 412-இல் ஒன்றுகூட முதல் படி கிடையாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் நீங்களே எழுதியபடி ஸ்டாண்டர்டு எதுவும் ஓட்டப்படவில்லை. துணுக்கு நிறமாலை இருப்பவை இரண்டாம் படிக்கு வரலாம். எடை மட்டும் வைத்துப் பெயர் வாங்கியவை, அந்த ஐந்து படிக் கணக்கில் நாலோ ஐந்தோதான்.

412 என்ற எண்ணிக்கையும் அப்படியே நிற்காது. ஒரே பொருள் கருவிக்குள் சோடியத்தோடு சேர்ந்து ஒரு பீக், அம்மோனியத்தோடு சேர்ந்து ஒரு பீக், இரண்டு மூலக்கூறுகள் ஒட்டி ஒரு பீக் என்று பல வேடங்களில் வரும். அயனியாகும் இடத்திலேயே உடைந்து துணுக்காகவும் வரும். குளூட்டமின் அங்கேயே அம்மோனியாவை இழந்து 130.0499 தரும், மென்பொருள் அதைப் பைரோகுளூட்டமிக் அமிலம் என்று தனிப் பொருளாகப் பட்டியலிடும். இரண்டும் ஒரே நொடியில் வெளியே வருகின்றனவா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 2017-இல் மாஹியூ, பாட்டி இருவரும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரே தரவுத் தொகுப்பை எடுத்துப் பொறுமையாகக் களைந்தார்கள். 25,000 பீக்குகளில் கடைசியில் மிஞ்சியவை 1,000-க்கும் குறைவான தனிப் பொருள்கள். அயனியாகும் இடத்திலேயே உடைந்த துணுக்குகளின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2024-இல் ஒரு குழு, பீக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் இப்படி உடைந்தவையாக இருக்கலாம் என்றது. வேறு ஆய்வாளர்கள் அது மிகை என்று மறுத்தார்கள். எண் எதுவானாலும், உங்கள் தாளில் ஒரே நேரத்தில் வெளிவந்த வரிகளைச் சேர்த்து அடுக்கிப் பார்த்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் கல்லூரி ஆய்வேடுகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. மூலிகைச் சாறுகளின் ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து எடை பார்க்கும் முறை) பட்டியல்களில் ‘9-ஆக்டாடெசினமைடு’ என்று ஒரு பெயர் வரும். அதுதான் ஓலியமைடு. 1995-இல் தூக்கம் இழந்த பூனைகளின் தண்டுவட நீரில் கண்டறியப்பட்ட, உறக்கத்தோடு தொடர்புடைய நிஜமான பொருள் அது. அதே சமயம், பிளாஸ்டிக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தொழிற்சாலையில் சேர்ப்பதும் அதையேதான். ஆய்வக பிளாஸ்டிக்கில் இருந்து அது கரைந்து வந்து சோதனைகளைக் கெடுக்கிறது என்று 2008-இல் சயன்ஸ் இதழிலேயே கட்டுரை வந்தது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் அப்படித்தான், 391.2843-இல் உங்களுக்கு ஒரு பெரிய பீக் இருந்தால் அதை இலையின் கணக்கில் எழுதுவதற்கு முன் பிளாங்க்கைப் பாருங்கள். இலைச்சாற்றைப் பிளாஸ்டிக் குழாயில் மெத்தனாலோடு ஒரு வாரம் வைத்திருந்தால் தாலேட்டு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆய்வேட்டில் அதற்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றல் உண்டு’ என்று ஒரு பத்தியும் எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது மனம் கஷ்டப்படுகிறது, ஏனென்றால் அந்த மாணவர் உழைத்திருக்கிறார்.

இதெல்லாம் ஆய்வேட்டோடு முடிகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ‘மேப்பிள் சிரப் சிறுநீர் நோய்’ என்ற பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த முதல் சோதனையில் கருவி லூசின், ஐசோலூசின், அலோ-ஐசோலூசின் மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஹைட்ராக்சிபுரோலினும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும். இந்த நோய் இல்லாமல் ஹைட்ராக்சிபுரோலின் மட்டும் அதிகம் இருக்கும் குழந்தைக்கும் ‘நோய் இருக்கலாம்’ என்று வந்துவிடும். அதனால்தான் குழாயில் பிரித்து அலோ-ஐசோலூசினைத் தனியே அளக்கும் இரண்டாம் சோதனையை வைத்திருக்கிறார்கள். மூன்றில் இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கணினி கட்டமைப்பைக் கணித்துச் சொல்லும் முறைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் உருவான சிரியஸ் போன்ற மென்பொருள்கள் உண்மையிலேயே நல்லவை, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். 2012 முதல் இத்தகைய முறைகளுக்கென்றே காஸ்மி என்ற போட்டியும் நடத்தினார்கள். ஆனால் நான் அவற்றை, எந்த ஸ்டாண்டர்டை வாங்குவது என்று முடிவு செய்வதற்குத்தான் நம்புகிறேன். ஐந்நூறு சாத்தியங்களை ஐந்தாகக் குறைத்துத் தரும். அந்த ஐந்துக்குள் எது என்பதில், ஒரு மெத்தில் தொகுதி வளையத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பது போன்ற இடங்களில், அடிக்கடி தடுமாறும். புரதங்களை அடையாளம் காண்பவர்களிடம் மொத்தப் பட்டியலில் எத்தனை சதவீதம் பொய் என்று மதிப்பிட ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. எங்களிடம் முயற்சிகள் இருக்கின்றன, எல்லோரும் ஏற்ற ஒன்று இன்னும் இல்லை. ஆகவே ‘மெட்டபோலோமிக்ஸ் இத்தனை சதவீதம் துல்லியம்’ என்று ஒற்றை எண் யாராவது சொன்னால் எந்தச் சாம்பிளில், எந்தப் படியில் என்று திருப்பிக் கேளுங்கள். 2015-இல் ஒரு கட்டுரை, இத்தகைய ஆய்வில் பதிவாகும் நிறமாலைகளில் சராசரியாக 1.8 சதவீதத்துக்குத்தான் பெயர் வைக்க முடிகிறது என்று எழுதியது. நூலகங்கள் வளர்ந்ததால் இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது, இருந்தும் பெயரில்லாதவைதான் பெரும்பான்மை.

முதல் படிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. வலது கையும் இடது கையும் போல் ஆடி பிம்பமாக இருக்கும் இரண்டு பொருள்கள் சாதாரணக் குழாயில் ஒன்றாகவே வரும், ஒரே மாதிரி உடையும். 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் இதற்கு உதாரணம். சில மூளைக் கட்டிகளில் மரபணு மாற்றத்தால் குவிவது அதன் வலக்கை வடிவம் என்று 2009-இல் கண்டார்கள். ஆக்சிஜன் குறைந்த செல்களில் உருவாவது இடக்கை வடிவம். இதைப் பிரிக்கத் தனிக் குழாயோ தனி வேதிச் செயல்முறையோ வேண்டும். முற்றிலும் புதிய பொருள் என்றால் அதைப் பிரித்தெடுத்து என்எம்ஆர் (காந்தப் புலத்தில் வைத்து அணுக்களின் அமைப்பைக் காணும் முறை) பார்க்காமல் முடியாது. அது என் துறை கிடையாது, அதற்கு அந்தத் துறையினரிடம் போங்கள்.

ஆய்வேட்டுக்கு நான் என்ன செய்வேன் என்றால், பிளாங்க்கில் இருப்பவற்றை முதலில் நீக்குவேன். ஒரே நேரத்தில் வெளிவருபவற்றைச் சேர்ப்பேன். துணுக்கு நிறமாலை இல்லாதவற்றைப் பெயரோடு எழுதாமல், எடையும் நேரமும் மட்டும் போட்டுப் பின்னிணைப்புக்கு அனுப்புவேன். துணுக்கு உள்ளவற்றை ‘உத்தேச அடையாளம், இரண்டாம் படி’ என்று வெளிப்படையாக எழுதுவேன். உங்கள் வாதம் எந்த ஐந்தாறு பொருள்களில் நிற்கிறதோ அவற்றுக்கு மட்டும் ஸ்டாண்டர்டு வாங்குவேன். வாசிசினும் வாசிசினோனும் விலைக்குக் கிடைக்கின்றன. சாற்றைத் தனியாக, ஸ்டாண்டர்டைத் தனியாக, பிறகு இரண்டையும் கலந்து என்று மூன்று முறை ஓட்டுங்கள். கலந்ததில் பீக் இரண்டாகப் பிரியாமல், தோளில் ஒரு மேடும் எழாமல், இருந்த இடத்திலேயே நேராக உயர்ந்தால் உங்கள் பெயர் வலுவாக நிற்கும். வாசிசின் காற்றுப் பட்டால் வாசிசினோனாக மாறும் என்பதால், இலையை எப்படி, எத்தனை நாள் உலர்த்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 203.0815-இல் நீங்கள் காணும் வாசிசினோன் செடியில் இருந்ததா, உலர்த்தும்போது உண்டானதா என்று தேர்வாளர் கேட்பார், கேட்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், 189.1022-இன் துணுக்கு நிறமாலையைத் திறந்து பாருங்கள். 171.0917 எடுப்பாக இருந்தால் அந்த வரியில் ஆன்டிபைரினை அடித்துவிட்டு ‘வாசிசின், உத்தேசம்’ என்று எழுதலாம். 77-உம் 56-உம் மேலோங்கி இருந்தால் பிளாங்க்கையும், உங்களுக்கு முன்னால் அந்தக் கருவியில் ஓடிய சாம்பிள்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகைத் துணுக்குகளும் கலந்திருந்தால் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.